கூத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சீசனுக்கு விடிய விடிய அனுப்பலாமா?

செய்யாத்தங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். செய்யாறு பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகள் ஏழாவது படிக்கிறாள். விஜயதசமியில் இங்கே ஒரு கூத்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம், சனி ஞாயிறு வகுப்பு, லீவு நாளில் தினமும். அடவும் பாட்டும் நன்றாகவே பிடித்துக்கொண்டாள், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது சீசன் தொடங்கப் போகிறது. முழுப் பரீட்சை முடிந்த கையோடு சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் இரணியன் நாடகம், அதில் இவள் பிரகலாதன். வைகாசியில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் ஒரு இரவை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கே கொடுத்திருக்கிறார்கள், அபிமன்யு சண்டை, அதில் இவள்தான் அபிமன்யு என்று வாத்தியார் சொல்லிவிட்டார். எல்லாமே ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிந்த பிறகு முடிகிற கூத்து.

வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. என் மாமியார் "பொம்பளப் புள்ளையை ராத்திரி முழுக்கத் தெருவுல ஆட விடுவியா" என்கிறார். வீட்டுக்காரர், வகுப்போடு நிற்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை ஹாலில் ஒரு மணி நேரம் ஆடினால் போதும் என்கிறார். அவளோ சோறு இறங்காமல் சுற்றுகிறாள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்த வயதில் கண் முழித்து ஆடுவது உடம்புக்கு ஆகுமா, தொண்டை என்ன ஆகும், முகத்தில் பூசுகிற அரிதாரம் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா, பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஆடியிலும் கூத்து இருக்கிறதே அதை எப்படிச் சமாளிப்பது. பிள்ளைகளை அனுப்பியவர்கள், சின்ன வயதில் ஆடியவர்கள் சொன்னால் பெரிய உதவி.

முகவீணை:

அக்கா, நான் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை ஊதுகிறேன், பிள்ளைகள் பள்ளிக் கூத்துக்குக் கூப்பிட்டாலும் போவேன். ஒரு ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

சாயங்காலம் வண்டி ஊருக்குள் வந்துவிடும். ஊர்க்காரர்கள் சோறு போடுவார்கள், பிள்ளைகள் என்றால் கூடக் கொஞ்சம் கவனிப்பு. எட்டு மணி வாக்கில் வேஷம் கட்டும் கொட்டகையில் பெட்டியைப் பிரிப்பார்கள். பத்து மணிக்கு நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து மேளம் கட்டுவோம், மத்தளம், ஆர்மோனியம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து அந்தச் சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் போய்க் கூத்து தொடங்கிவிட்டது என்று சொல்லும். அப்புறம் கடவுள் வாழ்த்து, கட்டியங்காரன் வருகிறான், அவன் ஜனங்களைச் சிரிக்க வைத்து உட்கார வைக்கிறான். பிறகு ஒவ்வொரு வேஷமாகத் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி, கிறுக்கி அடித்து, அதாவது சுழன்று சுழன்று ஆடி, வெளியே வருகிறது. ராஜா வேஷம் ஒன்று வெளியே வரவே நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் ஜனமே ஒத்துக்கொள்ளாது.

இரணியனில் முதல் பாதி முழுக்க இரணியனின் கொலுவும் வரமும்தான். பிரகலாதன் வரும்போது நடுராத்திரி தாண்டிவிடும். அபிமன்யு சாவது கிட்டத்தட்ட விடியும் நேரம். ஆக உங்கள் மகள் ராத்திரி பூராவும் ஆடப் போவதில்லை. பின்பாதியில் ஆடப் போகிறாள், முன்பாதியில் அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் நீங்கள் வாத்தியாரிடம் கேட்க வேண்டியது. நான் போகிற ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளைச் சோறு போட்டவுடன் கொட்டகைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்துவிடுவார்கள். எங்கள் மேளச் சத்தத்திலேயே தூங்கும் அந்தப் பிள்ளைகள். இன்னொரு இடத்தில் எல்லாரையும் எட்டு மணிக்கே முகம் எழுதி, புஜக்கட்டை, கிரீடம் என்று மரக் கட்டையெல்லாம் கட்டி உட்கார வைத்துவிடுகிறார்கள், நாலு மணி வேஷக்காரப் பிள்ளையும் அதில் அடக்கம். அதைப் பார்க்க எனக்கே வயிறு எரியும்.

நேர்ப்பேச்சு:

நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி ஊர் ஜனத்துக்கு முன்னால் ஆட வைத்து, அதற்கு ஒரு பள்ளி கோயில் கமிட்டியிடம் பணம் வாங்குகிறது என்றால் அதைக் கலை என்று சொல்லி நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. சினிமாவில் நடிக்கும் பிள்ளைக்கே சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள், 2017-ல் விதிகள் வந்தன. சினிமா, டிவியில் நடிக்கும் குழந்தை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் பேங்கில் போட வேண்டும். கூத்தாடும் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது? இதில் எத்தனை கூத்துப் பள்ளிக்குப் பதில் இருக்கிறது?

தென்னாங்கூர்:

கோயிலில் ஆடுவதும் ஷூட்டிங்கும் ஒன்றா நேர்ப்பேச்சு அண்ணா? இது வேண்டுதல், வழிபாடு.

நேர்ப்பேச்சு:

வழிபாடு பெரியவர்களுக்கு. தூக்கம் பிள்ளைக்கு. நான் கேட்டது அந்த 5 மணி நேரக் கணக்கும் பிள்ளை பெயரில் பணமும்.

வேஷக்காரி:

நான் ஆடியவள், அதனால் எழுதுகிறேன். எட்டு வயதில் ஒரு கூத்துப் பள்ளியில் தங்கிப் படித்தேன், காலையில் பாடம், சாயங்காலம் கூத்து. இன்று நர்ஸாக இருக்கிறேன், நைட் டியூட்டி பார்க்கிறேன், இன்னும் கூப்பிட்டால் துச்சாதனன் வேஷம் கட்டுவேன்.

சீசனில் எனக்கு ஞாபகம் இருப்பது கட்டைதான். புஜக்கட்டை, மார்பதக்கம், கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடியும் காகிதமும் ஒட்டியிருக்கும். கையில் எடுத்தால் கனமாகவே தெரியாது. ஆனால் கட்டும் விதம் இருக்கிறதே, இடுப்பைச் சுற்றிப் புடவைகளை மடித்து மடித்து இறுக்கி, அதன் மேல் பாவாடை, தோளில் நாடாவைப் போட்டு அக்குளுக்கு அடியில் இழுத்து முடிச்சு. ஒரு கட்டு தளர்ந்தாலும் கிறுக்கி அடிக்கும்போது புஜக்கட்டை முகத்தில் வந்து மோதும், அதனால் இறுக்கித்தான் கட்டுவார்கள். எங்களுக்குக் கட்டிவிடும் அண்ணன் மூச்சை உள்ளே இழு என்று ஒரு போதும் சொல்ல மாட்டார். வாயைத் திறந்து ஒரு விருத்தம் பாடச் சொல்வார், பாடும்போது வயிறு எவ்வளவு விரிகிறதோ அந்த அளவுக்கு இடம் விட்டு முடிச்சுப் போடுவார். அவர் கட்டினால் விடியும் வரை மூச்சு முட்டாது. பெரிய ஆள் அளவில் செய்த கட்டையைச் சின்னப் பிள்ளைக்குக் கட்டினால் கழுத்து போய்விடும், கிரீடத்துக்கு உள்ளே துணி திணித்துச் சரி செய்கிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. பிள்ளைகளுக்கு என்று அளவெடுத்துச் செய்த கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பொம்பளப் பிள்ளை விஷயம். நான் முதலில் ஆடப் போன ஊர்களில் "பொண்ணு துரியோதனனா ஆடுதாமே" என்று பார்க்கவே கூட்டம் வரும். கேலி பேசுகிறவர்கள் முன் வரிசையில் இருப்பார்கள். மேளம் ஏறி, நாலு கிறுக்கி அடித்து நின்றால் அவர்களே அன்பளிப்பு எழுதிக் கொடுத்து மைக்கில் பெயர் வாசிக்கச் சொல்வார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது மேடையில் இல்லை, கக்கூஸ்தான். கட்டை கட்டிய பிறகு போக முடியாது என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டோம், விடியும்போது தலை சுற்றும், நீர்க்கடுப்பு வரும். அப்புறம் மாதவிலக்கு நாட்கள். எங்கள் பள்ளியில் ஒரு அக்கா கூடவே வருவார், அவர் ஊர் இறங்கியதும் முதல் வேலையாகக் கோயிலுக்குப் பக்கத்தில் யாராவது ஒரு வீட்டில் பேசி கக்கூஸுக்கும் துணி மாற்றவும் ஒரு அறைக்கும் ஏற்பாடு செய்துவிடுவார். கூட ஒரு பெண் வருகிறாரா, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கொட்டகையா, இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத பள்ளி என்றால் நான் அனுப்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

காஞ்சி டாக்டர்:

குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் நான். செய்யாத்தங்கரை அம்மா கேட்டதற்கு ஒவ்வொன்றாக.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். என்றைக்கோ ஒரு ராத்திரி முழித்தால் பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவார்கள். கெடுதல் எங்கே வருகிறது என்றால் அடுத்தடுத்த ராத்திரிகளில். இரண்டாவது ராத்திரியில் கால் பிசகும், மூன்றாவதில் காய்ச்சல். ஆடிய மறுநாள் காலையில் வண்டியில் உட்கார்ந்தபடி தூங்குவதைத் தூக்கம் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

அரிதாரம்: இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய நாளில் பூசிய மஞ்சள் அரிதாரக் கல் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, விஷம். செந்தூரம் என்று விற்கும் சிவப்புப் பொடிகளில் ஈயமும் பாதரசமும் வரும் வகைகள் உண்டு. இன்று பலரும் வேறு பொடிகளுக்கு மாறிவிட்டார்கள், ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு லேபிள் ஒட்டிய மேடை மேக்கப்தான். முதலில் தேங்காய் எண்ணெய் தடவி அதன் மேல் பூச வேண்டும். முந்தின வாரமே முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உதட்டிலும் கண் இமைக்கு உள்ளேயும் வேண்டாம். கலைக்கும்போது சோப்புப் போட்டுத் தேய்க்காமல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு எடுங்கள். பூசிய கையோடு எதையும் சாப்பிடக் கூடாது, இதைப் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள், பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்டை: கத்துவது வேறு, மேல் சுருதியில் பாடுவது வேறு. குரல் கம்மிய பிள்ளையைப் பாட வைக்கவே கூடாது, ஆடட்டும், பின்பாட்டுக்காரர் பாடட்டும். பையன்களுக்குக் குரல் உடையும் பருவம் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

நேர்ப்பேச்சு:

டாக்டர், இப்படி எழுதிவைத்து ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒட்ட வேண்டும்.

அடவு வாத்தியார்:

நான் கூத்து வாத்தியார். அப்பா ஜமாவில் ஆடி வளர்ந்தவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மேலே எழுதிய எல்லாரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நேர்ப்பேச்சு தம்பி கேட்டதும் நியாயம். அதற்குப் பதில் சொல்லாமல் கலை, மரபு, சாமி என்று நழுவுகிற வாத்தியாரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள், நானே சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. ஹாலில் ஒரு மணி நேரம் ஆடினால் போதும் என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். அம்மா, ஹாலில் கூத்து வராது. அடவு வரும், பாட்டு வரும், வசனம் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி தூங்கி விழுகிறாள், பின்னால் பையன்கள் பலூன் கடைப் பக்கம் நகர்கிறார்கள், அந்த நேரத்தில் ஜனத்தைத் திரும்ப இழுக்க என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்? ஆர்மோனியக்காரருக்குக் கண்ணைக் காட்டி ஒரு பாட்டைச் சுருக்குவது, கட்டியங்காரன் திடீரென்று வசனத்துக்கு வெளியே போனால் அவனோடு போய்விட்டுக் கதைக்குத் திரும்புவது, மைக் அறுந்தால் அறுந்த இடத்திலேயே குரலை எடுத்துக்கொண்டு நடப்பது, எல்லாம் சீசன் சொல்லிக்கொடுக்கிறது. போன வைகாசியில் ஒரு ஊரில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசன் சாகிற கூத்தில் பாதியில் கரண்டு போனது. வேஷம் கட்டியிருந்தது பத்து வயசுப் பையன். பாம்பு கடித்து விழ வேண்டிய இடம். யாரும் சொல்லவில்லை, அவனே மேடை ஓரத்துக்கு வந்து, ஜனத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தான், ஊர்க்காரர் ஒருத்தர் செல்போன் விளக்கைப் பிடித்தார், அப்புறம் பத்துப் பேர் பிடித்தார்கள், அவன் அம்மா சந்திரமதி வந்து அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. அவனுக்கு அந்த இடத்தை நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அதனால் சீசனை விட முடியாது, பிள்ளையையும் கெடுக்க முடியாது. ராத்திரியைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரிப் பிரிப்பதுதான் வாத்தியார் வேலை. நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பெரிய வேஷம் எதையும் ஒரு பிள்ளைக்கு முழுசாகக் கொடுப்பதில்லை. அபிமன்யு என்றால் சுபத்திரையிடம் விடை வாங்குகிற வரை ஒரு பிள்ளை, சக்கர வியூகத்துக்குள் போனதில் இருந்து இன்னொரு பிள்ளை. திரை பிடித்து மாற்றிவிடுவோம், ஜனம் ஒரு தரம் கூட ஏன் என்று கேட்டதில்லை. முன்பாதி ஆடிய பிள்ளை ஒரு மணிக்கு முகம் கலைத்துப் படுத்துவிடும். பின்பாதிப் பிள்ளை சாப்பிட்டதும் படுத்து, ஒரு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, சூடாகக் கஞ்சியோ பாலோ குடித்து, அப்புறம்தான் அரிதாரம். எழுந்த அரை மணி நேரத்துக்குக் கட்டை கட்ட மாட்டேன், உடம்பு முறுக்கு விட வேண்டும். இப்படிப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் வேஷத்தோடு நாலு மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை, தம்பி கேட்ட 5 மணி நேரக் கணக்குக்குள் வந்துவிடும். ஒரு கூத்து ஆடினால் குறைந்தது மூன்று ராத்திரி வீட்டில் தூங்க வேண்டும், அதற்குள் எவ்வளவு பெரிய கோயில் கூப்பிட்டாலும் வெற்றிலை பாக்கு வாங்கி ஒத்துக்கொள்வதில்லை. அர்ஜுனன் தபசில் மரம் ஏறுவது கண்டிப்பாகப் பெரியவர்கள்தான். விரதமும் அவர்களுக்குத்தான், பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது.

பணம். கோயில் கொடுக்கும் தொகை இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, மேளக்காரருக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுவோம். ஜமாவில் எப்படிப் பங்கு பிரிப்பார்களோ அப்படிப் பிள்ளைக்கும் பங்கு உண்டு, அஞ்சலகக் கணக்கில் போடுகிறோம். மேடையில் வரும் அன்பளிப்பும் அதில்தான் சேரும். எந்தப் பள்ளியிலும் இந்த நோட்டைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் காரணம் இருக்கும்.

படிப்பைப் பற்றி. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சையரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் அய்யாவும் ஹன்னே டி புருயின் அம்மாவும் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். அய்யா சின்ன வயதிலேயே படிப்பை விட்டுக் கூத்துக்கு வந்தவர், பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று பாடத்தையும் கூத்தையும் ஒரே இடத்தில் வைத்தார்கள், பையன்களுக்குச் சமமாகப் பெண் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். ஆம்பளைகள் மட்டும் ஆடிய கலையில் அது சின்ன காரியம் இல்லை. 2020-ல் குருகுலம் மூடிவிட்டது, அந்த இழப்பு எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளுக்கு இன்னும் உறைக்கிறது. படித்துக்கொண்டே ஆடலாம் என்று காட்டிவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு படிப்பைக் கெடுத்து ஆட வைக்கும் வாத்தியாருக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

முகவீணை:

வாத்தியாரே, அந்த லோகிதாசன் கூத்தில் நான் இருந்தேன். கரண்டு போனதும் ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திக் கையை எடுத்துவிட்டார், பையன் விழுந்ததைப் பார்த்துத்தான் திரும்ப வாசித்தார்.

வந்தவாசிப் பெரியவர்:

பிள்ளைகள் ஆடுவது நம் ஊரில் புதுசு இல்லை. 1918-ல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பால சபை வைத்தார், நாடக நடிகர் டி.கே. சண்முகம் அதில் சேரும்போது அவருக்கு ஆறு வயசு. எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாரும் அந்த மாதிரி சிறுவர் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். அங்கே பாட்டும் வசனமும் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பள்ளிக்கூடம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமலே போனது, அப்பா அம்மா முகம் பார்க்காமல் ஊர் ஊராகப் போனார்கள், அடியும் உண்டு. பெரிய நடிகர்கள் வந்தார்கள் என்று நாம் பெருமை பேசுகிறோம், வராமல் போன மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை. நேர்ப்பேச்சு தம்பி அந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன், அவரைக் கோபிக்க வேண்டாம்.

ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று. எங்கள் ஊர் பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாகும் படுகளம், சாயங்காலம் தீமிதி. இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் கூத்து வைக்கிற ராத்திரி பெண்கள் கூட்டம் அதிகம். குடித்துவிட்டு வருகிறவர்களைக் கமிட்டிக்காரர்களே ஓரம் கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் கூத்து நடக்கும் ஊரில் கமிட்டி யார், பொறுப்பு யார் என்று முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்பேச்சு:

வாத்தியார் அய்யா, பதில் சொன்னதற்கு நன்றி. அந்த நோட்டும் மூன்று ராத்திரிக் கணக்கும் எல்லா இடத்திலும் இருந்தால் எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை. பயம் என்னவென்றால், உங்கள் பள்ளியில் இருக்கிறது, எத்தனை பள்ளியில் இருக்கிறது? ஆடி மாதத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

அடவு வாத்தியார்:

ஆடியில்தான் சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழாக்கள் எல்லாம் அப்போதுதான். எங்கள் வழக்கம், பள்ளிக்கூடம் திறந்த பிறகு முழு ராத்திரிக் கூத்து சனிக்கிழமை மட்டும், அதுவும் மாதத்துக்கு ஒன்று. மற்ற நாளில் கேட்டால் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிற மாதிரி ஒரு கட்டத்தை மட்டும் ஆடித் தருகிறோம். சில கமிட்டிகள் கோபித்துக்கொண்டு வேறு ஜமாவுக்குப் போய்விடும், போகட்டும். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள் ஆடியில் ஆடுவதில்லை, பின்பாட்டுக்கு வேண்டுமானால் உட்காரலாம். பள்ளிக்கூட டீச்சரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள் அம்மா, அரசுப் பள்ளிகளில் இப்போது கலைத் திருவிழா நடத்துகிறார்கள், கூத்தாடும் பிள்ளை என்றால் டீச்சர்களே தேடி வருகிறார்கள்.

பையன்கள் குரல் விஷயம் டாக்டர் சொன்னார். குரல் உடைகிற பையனுக்கு அந்த வருஷம் கட்டியங்காரனும் மத்தளமும் கொடுப்பேன். கட்டியங்காரன் கம்மிய குரலில் பேசினாலும் ஜனம் ரசிக்கும். அழுதுகொண்டே ஒத்துக்கொள்வார்கள், ரெண்டு சீசன் கழித்து நல்ல கணீர்க் குரலோடு ராஜா வேஷத்துக்கு வருவார்கள்.

வேஷக்காரி:

அக்கா, உங்கள் மாமியாரை ஒரு ஒத்திகைக்குக் கூட்டிப்போங்கள். என் பாட்டியும் அப்படித்தான் பேசினார். சண்டைக் காட்சியை விட்டுவிட்டு, பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவது, காலில் கெச்சை (சலங்கை) கட்டுவது, அக்கா ஒருத்தி தலை வாரிவிடுவது இதையெல்லாம் பார்த்த பிறகு அவரே முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பினார். அப்புறம், பிரகலாதனில் தூணைப் பிளந்து நரசிம்மம் வரும் இடத்தில் நரசிம்ம வேஷக்காரருக்கு ஆவேசம் வந்துவிடும், நிஜமாகவே வரும், பிடித்து நிறுத்த ஆள் இருப்பார்கள். பிள்ளைக்கு முன்னாடியே சொல்லி வையுங்கள், எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று வாத்தியார் காட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். சின்ன வயதில் என்னை யாரும் எச்சரிக்கவில்லை, பயந்து கொட்டகைக்குள் ஓடிவிட்டேன்.

செய்யாத்தங்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன், மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பள்ளிக்குப் போய் வாத்தியாரைப் பார்த்தோம்.

கேட்டவற்றில் சிலதுக்கு நல்ல பதில். கூட ஒரு டீச்சரம்மா வருகிறார், பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு, கட்டை பிள்ளைகள் அளவில் செய்தது, எனக்கு எடுத்தே காட்டினார். நரசிம்மம் வரும்போது பெஞ்சுப் பக்கம் ஒதுங்கச் சொல்லியிருக்கிறாராம். அரிதாரம் பொட்டலத்தில் வாங்குவதுதான், அதை மாற்றிக்கொள்கிறேன் என்று டாக்டர் எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பணக் கணக்கு நோட்டு இல்லை. கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் வீட்டுக்காரர் விடவில்லை, பெற்றோர் இரண்டு பேரைச் சேர்த்து இந்தச் சீசனில் இருந்து எழுதலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அபிமன்யு வேஷத்தை இரண்டாகப் பிரிப்பதற்கு மட்டும் அவருக்கு மனசே வரவில்லை, ஒரே பிள்ளை முழுசாக ஆடினால்தான் பேர் என்கிறார். அதில் நான் அசையவில்லை. பின்பாதி இன்னொரு பிள்ளைக்கு, இல்லை என்றால் அந்த ராத்திரிக்கு இவள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் போன் செய்து சரி என்றார். மகளுக்கு அதில் கோபம், சக்கர வியூகம் தனக்கு வேண்டுமாம்.

மாமியார் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை. சித்திரையில் முதல் கூத்துக்குத் தானும் வருவேன், கொட்டகையில் உட்காருவேன் என்கிறார். அது சரி என்று விட்டுவிட்டோம். ஆடி மாதக் கூத்துக்கு மட்டும் இப்போது எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. பிரகலாதன் ஆடுகிற அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பினால் இவளுக்கு வாயில் எதுவும் இறங்காது, காலையில் பள்ளிக்கூடம் போகும்போதே அப்படித்தான். வெறும் வயிற்றில் ஆட விட மனசு இல்லை. என்ன கொடுத்துவிடுவது?

அடவு வாத்தியார்:

ராத்திரி படுக்கும் முன் வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள், இட்லியோ சாம்பார் சாதமோ, புளிப்பும் காரமும் குறைவாக. எழுந்ததும் கேழ்வரகுக் கூழில் மோர் கரைத்து அரை டம்ளர் போதும், பிடிக்கவில்லை என்றால் பேரீச்சம் பழம் நாலு, வாழைப்பழம் ஒன்று. டீ வேண்டாம், ஊர்க்காரர்கள் அன்பாகக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே இருப்பார்கள், பெரியவர்கள் யாராவது வாங்கிக் குடித்துவிடுங்கள். இரண்டு வேஷத்துக்கு நடுவில் வெந்நீர் ஒரு மடக்கு. சக்கர வியூகத்துக்கு அழுகிற பிள்ளைக்கு நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், சுபத்திரையிடம் விடை வாங்குகிற இடத்தில்தான் பெண்கள் கூட்டம் கண்ணைத் துடைக்கும், அந்தப் பாட்டைச் சரியாகப் பாடுகிற அபிமன்யு கிடைப்பதுதான் கஷ்டம்.

காஞ்சி டாக்டர்:

பேரீச்சம்பழம் சரி. தண்ணீரையும் குறைக்க விடாதீர்கள், வேஷக்காரி சொன்ன நீர்க்கடுப்புக்காக என்னிடம் சீசனில் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம் போய்விட்டு வரச் சொல்லுங்கள், முதல் கூத்து எந்த ஊர் என்று இங்கே போடுங்கள், பக்கம் என்றால் நானும் பார்க்க வருகிறேன்.